சாம்பலுக்குள் இருந்த கங்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்கால டீயோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். ஒரு நட்சத்திரத்தைப் பற்றியும், வகுப்பில் நான் சொன்ன ஒரு தப்பான பதிலைப் பற்றியும் எழுதப் போகிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்து, இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. அவ்வளவுதான். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து இடைநிலை ஆசிரியராகவே ஓய்வு பெற்றேன். 1996 இல் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். பட்டதாரி ஆசிரியர் இடம் காலி. அதனால் எட்டாம் வகுப்பு அறிவியலும் என் தலையில் விழுந்தது.

அந்த வருடம் ஜூலை மாதம். நட்சத்திரங்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்தேன். முதல் வட்டம் சூரியன். இரண்டாவது பெரிய வட்டம், கிழவயதில் ஊதிப்போன சிவப்பு ராட்சசன். மூன்றாவது ஒரு சின்னப் புள்ளி, வெண் குள்ளன். "இதோட கதை முடிஞ்சுது. அடுப்பு அணைஞ்ச மாதிரி. இனி மெதுவா ஆறிக்கிட்டே கிடக்கும்" என்றேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். அவளாகவே எழுந்து கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை.

"சார், எங்க வீட்டுல ராத்திரி அடுப்பு அணைஞ்சுடும். காலையில அம்மா சாம்பலைக் கிளறினா உள்ளே கங்கு இருக்கும். வரட்டித் துண்டை வெச்சு ஊதாங்குழல்ல ஊதினா திரும்பப் பத்திக்கும். நட்சத்திரமும் அந்த மாதிரி பத்திக்குமா சார்?"

நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நட்சத்திரம் என்ன உங்க வீட்டு அடுப்பா? செத்தது செத்ததுதான். உட்காரு."

வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் வேறு கேள்வி கேட்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

2020 ஊரடங்கு. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரவில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருப்பேன். போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் சொல்லும் செயலி ஒன்றை மகன் ஏற்றிக் கொடுத்திருந்தான். தனுசு விண்மீன் குழுவைத் தேடிப் பிடித்தேன். நம் பூராடமும் உத்திராடமும் இருக்கும் இடம். பார்க்க ஒரு டீ கெட்டில் மாதிரி இருக்கும். அந்தக் குழுவில் என்னென்ன இருக்கிறது என்று படித்துக்கொண்டே போனதில் ஒரு ஜப்பானியப் பெயர் வந்தது. சகுராய் பொருள். நட்சத்திரத்துக்குப் போய் 'பொருள்' என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்ற குறுகுறுப்பில் மேலே படித்தேன். எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் லிஃப்கோ அகராதி. நாலைந்து நாள் ஆயிற்று.

யுகியோ சகுராய் ஜப்பானைச் சேர்ந்த ஓர் அமெச்சூர். சம்பளத்துக்கு வானம் பார்ப்பவர் அல்ல, ஆசைக்குப் பார்ப்பவர். வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஏதாவது புள்ளி முளைத்திருக்கிறதா என்று தேடுவது இப்படிப்பட்டவர்களின் வழக்கம். 1996 பிப்ரவரி 20 அன்று தனுசுவில் அப்படி ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். மெதுவாகப் பிரகாசமாகும் நோவாவாக இருக்கலாம் என்று உலகத்துக்குச் செய்தி போனது. மற்றவர்களும் தங்கள் பழைய படங்களைப் புரட்டினார்கள். 1995 ஆம் வருடப் படங்களிலேயே அது இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

எவ்வளவு பிரகாசம்? நட்சத்திர ஒளியை அளக்கும் கணக்கில் எண் கூடக் கூட ஒளி குறைவு. நம் கண்ணுக்குத் தெரிவது 6 வரைக்கும்தான். இந்த நட்சத்திரம் முன்பு சுமார் 21 இல் இருந்தது. பிறகு 11 க்கு வந்தது. 5 படி ஏறினால் ஒளி 100 மடங்கு. 10 படி ஏறினால் 10,000 மடங்கு. அப்படியும் வெறுங்கண்ணுக்கு எட்டாது. தொலைநோக்கி வேண்டும்.

ஆனால் இது நோவா மாதிரி நடந்துகொள்ளவில்லை. நோவா சட்டென்று ஏறும், பிறகு இறங்கும். இது ஏறி அங்கேயே நின்றது. ஹில்மார் டுயர்பெக், ஸ்டெஃபானோ பெனெட்டி என்ற இரண்டு வானியலாளர்கள் அந்த வருடமே அதன் சுற்றுப்புறத்தைக் கவனமாகப் பார்த்தார்கள். சுற்றிலும் மங்கலாக வட்டமான ஒரு வாயுக்கூடு இருந்தது. இதைக் கோள் நெபுலா என்பார்கள். கோளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத் தொலைநோக்கியில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். கிழ நட்சத்திரம் தன் மேல்தோலை ஊதித் தள்ளிவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் அந்தக் கூடு.

அந்தக் கூட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கூடு இருக்கிறது என்றால் நடுவில் இருக்கும் நட்சத்திரத்தின் காரியம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் கரும்பலகையில் மூன்றாவதாக வைத்தேனே ஒரு சின்னப் புள்ளி, அதுதான் அது. அந்தப் புள்ளி இப்போது மறுபடி ஊதி, ராட்சசனாக நிற்கிறது.

அணைந்த அடுப்பு பத்திக்கொண்டது.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். சூரியன் மாதிரியான சின்ன நட்சத்திரம் முதலில் ஹைட்ரஜனை எரித்து ஹீலியம் ஆக்குகிறது. பிறகு ஹீலியத்தை எரித்துக் கார்பனும் ஆக்சிஜனும் ஆக்குகிறது. கடைசிக் காலத்தில் நடுவில் கார்பன், ஆக்சிஜன். அதன் மேல் ஹீலியம் ஓர் அடுக்கு. அதற்கும் மேல் ஹைட்ரஜன் ஓர் அடுக்கு. வெங்காயம் மாதிரி. இந்த ஹீலியம் அடுக்கு ஒரே சீராக எரியாது. அடியில் சேர்ந்து சேர்ந்து, அழுத்தமும் வெப்பமும் போதுமான அளவுக்கு வந்ததும் குப்பென்று பிடிக்கும். சுமார் 10 கோடி டிகிரி வேண்டும். பிறகு அடங்கும். பல்லாயிரம் வருடம் கழித்து மறுபடி பிடிக்கும்.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போதே மேல்தோல் எல்லாம் போய், நட்சத்திரம் பூமி அளவுக்குச் சுருங்க ஆரம்பிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முடிந்துபோன கதை. ஆனால் சிலவற்றுக்கு, கடைசியாகப் பிடித்து அடங்கியதற்கு அப்புறமும் உள்ளே போதுமான ஹீலியம் பாக்கி இருக்கும். ஆறிக்கொண்டிருக்கும்போதே அது ஒருமுறை பிடித்துவிடும். பிடித்த வேகத்தில் உள்ளே ஒரு கொந்தளிப்பு. மேலே மெல்லிசாக மிஞ்சியிருக்கும் ஹைட்ரஜனை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும். நட்சத்திரம் சில மாதங்களில், சில வருடங்களில் மறுபடி ராட்சசனாக ஊதிவிடும்.

'அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். அது இதற்குப் பொருந்தாது. அந்த விளக்கு அணைவதற்கு முன்னால் எரிகிறது. இது அணைந்த பிறகு எரிந்தது. 'நீறு பூத்த நெருப்பு' என்ற வார்த்தைதான் இதற்குச் சரி. அந்தப் பிள்ளை கேட்டதும் அதைத்தான்.

இன்னொன்று படித்தபோது எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. இது 1996 இல் திடீரென்று தெரிந்த சங்கதி இல்லை. இப்படி நடக்கலாம், அணைந்த நட்சத்திரம் மறுபிறவி எடுக்கலாம் என்று 1980களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க வானியலாளர் ஐகோ ஐபனும் கூட்டாளிகளும் 1983 இல் எழுதியது அதில் முக்கியமானது. அதாவது அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு உலகத்தில் ஏற்கெனவே பதில் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

தேதியைக் கவனியுங்கள். பிப்ரவரியில் கண்டுபிடித்தார்கள். ஜூலையில் அவள் கேட்டாள். ஜூலை மாதம் இரவு பத்து மணி வாக்கில் அந்த நட்சத்திரம் நம் ஊரிலிருந்து தெற்கே நல்ல உயரத்தில் இருக்கும். அதாவது நான் "செத்தது செத்ததுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, வாசலில் கட்டில் போட்டுப் படுத்த அன்றைக்கு ராத்திரி, செத்த நட்சத்திரம் ஒன்று என் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது. (அது பல ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருப்பது. உண்மையில் அங்கே பற்றிக்கொண்டது எப்போதோ. ஒளி வந்து சேர்ந்தது அப்போது. இதை யாராவது கமென்டில் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

அதே 1996 இல், அந்த வருடக் கோடைக்கும் அக்டோபருக்கும் இடையில், அந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதன் மேற்பரப்பே மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது. லித்தியம், ஸ்ட்ரான்ஷியம், யிட்ரியம், சிர்க்கோனியம் எல்லாம் கூடிக்கொண்டே வந்தன. உள்ளே சமைத்தது மேலே வருகிறது என்று அர்த்தம். நட்சத்திரங்கள் மாறுவதற்குக் கோடிக்கணக்கான வருடம் ஆகும், மனிதன் ஆயுளில் ஒன்றும் தெரியாது என்று நான் வருடா வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இது ஒரு காலாண்டுத் தேர்வுக்குள் மாறியது.

1997 இல் இதைப் பற்றி வெளிவந்த முக்கியமான கட்டுரையில் நான்கு பேர் பெயர் இருக்கிறது. மார்ட்டின் ஆஸ்ப்லண்ட், பெங்ட் குஸ்டாஃப்சன், டேவிட் லம்பர்ட், நான்காவது நம் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த காமேஸ்வர ராவ். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்துவது அதே நிறுவனம்தான். அந்த ஆய்வு காவலூரில் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காவலூருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். 'ஒரு மாணவி இப்படிக் கேட்கிறாள், இது நடக்குமா?' என்று ஓர் இன்லேண்ட் லெட்டர். எனக்குத் தோன்றவே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. 1998 கடைசியில் அந்த நட்சத்திரம் மங்க ஆரம்பித்தது. 1999 க்குள் கிட்டத்தட்ட பழைய இருட்டுக்கே போய்விட்டது. அணையவில்லை. அது வெளியே தள்ளிய கார்பன் குளிர்ந்து, கரித்தூளாகி, நட்சத்திரத்தையே மூடிவிட்டது. விறகடுப்பு வைத்த வீட்டுச் சுவரைப் பார்த்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். சாதாரண ஒளி அந்தப் புகைக்குள் மறைந்துபோனது. வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் அது பளிச்சென்று இருந்தது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் அடுத்ததுதான். சுருங்கிய நட்சத்திரம் மறுபடி ராட்சசனாக ஊத நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் என்பதுதான் பழைய கணக்கு. இது சில வருடத்தில் ஊதி முடித்துவிட்டது. பெரிய பெரிய ஆட்கள் போட்ட கணக்கு. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நட்சத்திரத்தைப் பார்த்து "உட்காரு" என்று சொல்லவில்லை. எங்கள் கணக்கில் எங்கே தப்பு என்று தேடினார்கள். 2001 இல் ஃபால்க் ஹெர்விக் என்பவர் ஒரு விடை சொன்னார். உள்ளே நடக்கும் கலக்கல் நாம் நினைத்த அளவுக்கு வேகமாக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஹைட்ரஜன் ரொம்ப ஆழத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, மேலே பக்கத்திலேயே எரிந்துவிடும். எரிகிற இடத்துக்கு மேலே இருக்கும் சரக்கு குறைவு. அதனால் சீக்கிரம் ஊதிவிடும். அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் ஆகும். அதே தீயில் வாணலியில் ஒரு டம்ளர் தண்ணீர் உடனே கொதித்துவிடும். கிட்டத்தட்ட அந்த நியாயம்தான்.

2005 இல் சயன்ஸ் இதழில் இன்னொரு குழு எழுதியது. ரேடியோ தொலைநோக்கியில் பார்த்ததில், அந்த நட்சத்திரம் மறுபடி சூடேறத் தொடங்கிவிட்ட அறிகுறி தெரிகிறது என்றார்கள். அதற்குப் பிறகு, அந்த ஒளியில் எவ்வளவு சூட்டால் வந்தது, எவ்வளவு அதிர்வு அலையால் வந்தது என்று விவாதம் நடந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு மூத்த அண்ணன் ஒன்று உண்டு. 1919 இல் கழுகு விண்மீன் குழுவில் ஒரு நட்சத்திரம் பிரகாசமானது. நோவா என்று பதிந்து வைத்தார்கள். 1921 இல் நுட் லுண்ட்மார்க் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். நோவா மாதிரி இல்லை, குளிர்ந்த கார்பன் நட்சத்திரம் மாதிரி இருந்தது. அதுவும் மங்கி மறைந்தது. அதைச் சுற்றியும் ஒரு கோள் நெபுலா இருக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பிடிபட்டது. 2006 இல் வெளிவந்த ஆய்வுப்படி அதன் வெப்பம் சுமார் 95,000 டிகிரி. குளிர்ந்த ராட்சசனாக இருந்தது நூறு வருடத்துக்குள் மறுபடி சுருங்கி, சூடாகிவிட்டது. சகுராய் நட்சத்திரத்துக்கும் அந்த வழிதான் என்று எதிர்பார்க்கிறார்கள். நடக்க நடக்கத் தெரியும்.

சரி, இப்போது அந்தப் பிள்ளைக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிட்டது. உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். பஸ் சரியாக இல்லை. வீட்டில் தம்பி தங்கை. நான் சிரித்ததால்தான் நின்றாள் என்று சொல்ல மாட்டேன். அது எனக்கு நானே அதிக முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வது. ஆனால் நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய மாணவன் வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மண்டபத்துப் பின்பக்கம் போனேன். கோட்டை அடுப்பு வெட்டிச் சமையல் நடந்திருந்தது. நாலைந்து ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டு ஒரு அம்மா நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சார், நல்லா இருக்கீங்களா?" அவள்தான். சமையல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறாள். பெண் நர்சிங் படிக்கிறாளாம்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ எட்டாவதுல ஒரு கேள்வி கேட்டம்மா. சாம்பல்ல கங்கு இருக்கிற மாதிரி நட்சத்திரத்துல இருக்குமான்னு. நான் இல்லைன்னேன். இருக்கும்மா. நீ கேட்டதுதான் சரி. நீ கேட்ட அந்த நேரத்துலயே ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கேள்வி ஞாபகம் இல்லைங்க சார். எல்லாரும் சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். "தப்பும்மா, என் மேலதான் தப்பு" என்றேன். "அய்யோ, விடுங்க சார், எந்தக் காலத்துக் கதை" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்புறம் என்னாச்சு சார் அதுக்கு? இன்னும் எரியுதா?"

பாருங்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து அவளிடமிருந்து எனக்கு இரண்டாவது கேள்வி.

"சரியாத் தெரியலம்மா. புகை மூடியிருக்கு. உள்ளே என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்காங்க" என்றேன்.

"தெரிஞ்சா சொல்லுங்க சார்" என்று போன் நம்பர் கொடுத்தாள். அதற்குள் ஒரு பையன் அடுப்பில் ஊற்றத் தண்ணீர் வாளியோடு வந்தான். "டேய், அந்தக் கடைசி அடுப்புல ஊத்தாத. ராத்திரி டிபனுக்கு வேணும்" என்று சத்தம் போட்டுக்கொண்டே எழுந்து போனாள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றாள். போடவில்லை.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, "சார், ஓய்வு பெற்ற நமக்கும் ஒரு மறுபிறவி உண்டு" என்று கமென்ட் போடாதீர்கள். எனக்கு மூட்டுவலி இருக்கிறது. நான் ஊதிப் பிரகாசமாகப் போவதில்லை. நான் சொல்ல வந்தது பணியில் இருக்கும் என் தம்பி தங்கைகளுக்கு. 34 வருடம் வகுப்பில் நின்றேன். "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும். அதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். போகாது. அன்றைக்கு அந்த மண்டபத்துப் பின்பக்கத்தில் போகவில்லை.

மழை மேகம் இல்லாத ஜூலை ராத்திரியாகப் பார்த்து மாடிக்குப் போங்கள். தெற்கே அந்தக் கெட்டிலைத் தேடுங்கள். அதற்கு மேலே, கொஞ்சம் மேற்கே தள்ளி, வெறும் இருட்டாக ஓர் இடம் இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் ஏதாவது கேட்பார்கள்.